பழைய வீடும் மின்சாரப் பாதுகாப்பும்

தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த மூத்த வாசகர்கள் ஜெனரேட்டர் விளக்கை மறந்திருக்க மாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் எரியத் தொடங்கும் அவ்விளக்கு இரவு பத்து மணி வாக்கில் அணைந்துவிடும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குத்தான் துணை. லயத்து வீடு ஒன்றுக்கு ஒரு பல்பு, மிஞ்சினால் இரண்டு. மின்சாரம் என்றால் அவ்வளவே. சிங்கப்பூரில் குடியேறிய உறவினரைப் பார்த்துவிட்டுத் தோட்டம் திரும்பியவர்கள், விடிய விடிய விளக்கெரியும் சிராங்கூன் சாலையைப் பற்றி வாய் ஓயாமல் பேசியது நமக்கு நினைவிருக்கிறது.

அன்று புதியனவாக இருந்த அந்த வீடுகளுக்கு இன்று வயதாகிவிட்டது. அவற்றில் குடியிருப்போருக்கும் வயதாகிவிட்டது. தீபாவளிக்குத் தீபாவளி சுவருக்குச் சாயம் பூசுகிறோம். சமையலறைக்குப் புதிய அலமாரி அடிக்கிறோம். சுவருக்குள் ஓடும் கம்பியை மட்டும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விளக்கு எரிகின்ற வரையில் அதற்கும் ஒரு நோய் இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. பழைய குடும்ப வீடு ஒன்றின் மின்சார அமைப்பைப் புதுப்பிக்க விரும்புவோர் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சிங்கப்பூர் வீடுகளை முன்வைத்து இங்கு விளக்க விழைகிறோம். அங்கே உறவினரை உடைய தோட்டத்து அன்பர்களுக்கும், தோட்டத்திலேயே பழைய வீட்டில் வாழ்வோருக்கும் இச்செய்தி பயன்படும். ஜொகூர்ப் பாலத்தின் இக்கரையிலும் அக்கரையிலும் மின்சாரத்தின் குணம் ஒன்றே.

மெக்கன்சி சாலை தொடங்கி

சிங்கப்பூருக்கு மின்சாரம் வந்த கதை லிட்டில் இந்தியாவின் ஓரத்திலேயே தொடங்குகிறது எனலாம். புக்கிட் தீமா சாலையை அடுத்த மெக்கன்சி சாலையில் டிராம் வண்டி நிறுவனம் ஒரு மின் நிலையத்தை அமைத்திருந்தது. அங்கிருந்து மின்சாரம் பெற்று, 1906ஆம் ஆண்டில் நகரின் சில தெருக்களில் முதன்முதலாக மின்விளக்குகள் ஏற்றப்பட்டன. 1927இல் செயின்ட் ஜேம்ஸ் மின் நிலையம் எழுந்தது. 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைந்து குடிநீர், மின்சாரம், எரிவாயு ஆகிய மூன்றையும் ஏற்று நடத்திற்று. பின்னவை இரண்டும் 1995இல் சிங்கப்பூர் பவர் நிறுவனத்திற்கு மாற்றப்பட்டன. 2001 முதல் எரிசக்திச் சந்தை ஆணையம் இத்துறையைக் கண்காணித்து வருகிறது.

ஆண்டுகளை இவ்வாறு அடுக்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டின் வயது தெரிந்தால், அதன் சுவருக்குள் இருப்பது என்ன என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். போருக்கு முற்பட்ட கட்டடங்களில் முதலில் ஓடியவை, செம்புக் கம்பிமீது ரப்பர் உறையிட்டு அதன்மேல் நூல் பின்னிய கம்பிகள். மரச்சட்டங்களின்மீது சிறு தகட்டுப் பட்டைகளால் அவற்றைப் பிடித்து வைத்திருப்பார்கள். நம் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் வெட்டி எடுத்த பால்தான் உலகெங்கும் வீடுகளின் மின்கம்பிகளுக்கு உறையாகிப் போயிற்று என்பதை இங்கே நினைவு கூர்வதில் தவறில்லை. ஆயினும் ரப்பருக்கு ஆயுள் குறைவு. காற்றும் வெப்பமும் பட்டு நாளடைவில் இறுகி, வெடித்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். போருக்குப் பின் பி.வி.சி. எனப்படும் பிளாஸ்டிக் உறை ரப்பரின் இடத்தைப் பிடித்தது. அஃது ரப்பரைவிட நெடுநாள் உழைக்கும் எனினும், அளவு மீறிய சூட்டைத் தாங்காது.

சிராங்கூன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் சேர்ந்த கடைவீடுகளுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை உயர்த்த விடாமல் தடுத்தது. குடியிருப்போருக்கு அது பெரும் நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் சொற்ப வாடகை பெறும் உரிமையாளர் கட்டடத்திற்குச் செலவு செய்ய முன்வருவது அரிது. மாடியைப் பலகையால் தடுத்துச் சிற்றறைகள் ஆக்கினர். அறைக்கு ஒரு விளக்கு, பின்னர் ஒரு மின்விசிறி, அதன்பின் ஓர் இஸ்திரிப் பெட்டி என்று பழைய கம்பியிலிருந்தே கிளை இழுத்துக்கொண்டே போயினர். அச்சட்டம் 2001இல் நீக்கப்பட்டது. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டபின் பல கடைவீடுகள் முற்றாகப் புதுப்பிக்கப்பட்டன. ஒரு தலைமுறைக் காலம் இழுத்த கிளைக் கம்பிகள் எல்லா இடங்களிலும் அகற்றப்பட்டுவிட்டன என்று மட்டும் எவரும் உறுதி கூற இயலாது.

ஒரு வீட்டில் கண்டது

2024ஆம் ஆண்டில், சிராங்கூன் சாலை வட்டாரத்தில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் சோதனை நடத்தியபோது நாமும் உடனிருந்தோம். 1985க்கு முன் கட்டிய வீடு. வீட்டுக்குரிய அம்மையாருக்கு எழுபதைக் கடந்த வயது. மகனும் மருமகளும் இரு பேரக்குழந்தைகளும் உடன் வாழ்கின்றனர். மகன் அண்மையில்தான் வீட்டைப் புதுப்பித்திருந்தார். சுவிட்சுகள் யாவும் புதியவை. வெள்ளி நிறச் சட்டமிட்டு அழகாக இருந்தன.

மின்பணியாளர் சுவிட்சுகளைப் பார்க்கவே இல்லை. நேராக வாயிற்கதவின் மேலிருந்த மின்பெட்டியைத் திறந்தார். மெயின் சுவிட்ச் 30 ஆம்பியர். பீங்கான் பிடியுள்ள பழைய பியூஸ்கள் வரிசையாக இருந்தன. அவற்றுள் ஒன்றில், இருக்க வேண்டிய மெல்லிய கம்பிக்குப் பதிலாக யாரோ எப்போதோ முறுக்கி வைத்த தடித்த செம்புக்கம்பி. “இதை மாட்டியவர் யார்?” என்று கேட்டார். “என் வீட்டுக்காரர்தான், அடிக்கடி பியூஸ் போகிறதே என்று மாட்டினார். அதன்பின் ஒருமுறைகூடப் போகவில்லை, தம்பி” என்றார் அம்மையார், சற்றுப் பெருமையுடனேயே.

பிறகு குளியலறைக்குச் சென்றோம். வெந்நீர்க் கருவியின் கம்பி கதவிடுக்கின் வழியாக வெளியே வந்து, சமையலறையில் இருந்த ஒரு நீட்டிப்புக் கம்பியில் செருகப்பட்டிருந்தது. செருகியைத் தொட்டால் சூடு தெரிந்தது. அதன் ஓரம் பழுப்பேறியிருந்தது.

“நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வீட்டில் இருக்கிறோம். ஒன்றும் நேரவில்லையே!” என்றார் அம்மையார்.

“நேரவில்லை, அம்மா. நேர்ந்திருந்தால் தடுப்பதற்கும் இந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை” என்றார் மின்பணியாளர்.

அவர் கூறியதன் பொருள் என்ன?

பியூஸ் காப்பது கம்பியை

வீட்டிலே பியூஸ் இருக்கிறது, ஆகவே அச்சமில்லை என்று எண்ணுவோர் பலர். பியூஸும் அதன் இடத்தில் பின்னர் வந்த எம்.சி.பி. எனும் தானியங்கித் துண்டிப்பானும் காப்பாற்றுவது கம்பியை, மனிதரை அன்று. கம்பி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால், கம்பி சூடேறித் தீப்பற்றாமல் இருக்க அவை தொடர்பை அறுக்கின்றன. அவ்வளவே அவற்றின் வேலை.

மனித உடலுக்குத் தீங்கு செய்ய எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று பார்ப்போம். ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமற் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டுச் சில விநாடிகள் நீடித்தால் இதயத்தின் துடிப்பு நிலைகுலையக்கூடும். ஈரமான உடலோடு 230 வோல்ட்டைத் தொடுபவரின் உடலில் 200 மில்லி ஆம்பியருக்கு மேலேயே பாயலாம். பழைய 60 வாட் பல்பு ஒன்று எரிவதற்குத் தேவையான மின்னோட்டமும் ஏறத்தாழ அவ்வளவே. 13 ஆம்பியர் பியூஸ் என்பது 13,000 மில்லி ஆம்பியர் வரை வாளாவிருக்கும். ஒருவர் உயிர் போய்க்கொண்டிருக்கையில் அந்தப் பியூஸுக்கு அஃது இன்னும் ஒரு பல்பு எரிவதாகவே படும். பல்பு எரிவதற்காகப் பியூஸ் போகுமா?

மனிதரைக் காப்பதற்கென்றே அமைந்தது மின்கசிவுத் துண்டிப்பான். ஆர்.சி.சி.பி. என்று கடைகளிலும் மின்பணியாளர் வழக்கிலும் கூறப்படுவது அதுவே. அதன் வேலை எளிய கணக்கு. வீட்டுக்குள் ஒரு கம்பி வழியே சென்ற மின்னோட்டம் மற்றொரு கம்பி வழியே அப்படியே திரும்ப வேண்டும். நூறு சென்றால் நூறு திரும்ப வேண்டும். இரு கம்பிகளும் துண்டிப்பானுக்குள் ஒரு காந்த வளையத்தின் ஊடே செல்கின்றன. சென்றதும் வந்ததும் சமமாக உள்ளவரை வளையம் அமைதியாக இருக்கும். வழியில் எங்கேனும் ஒரு பகுதி கசிந்து, ஒருவர் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ தரைக்கு இறங்கினால் கணக்குக் குறையும். வீடுகளில் பொருத்தப்படும் துண்டிப்பான், குறைவு 30 மில்லி ஆம்பியரை எட்டும்போது மொத்தத் தொடர்பையும் அறுத்துவிடும். கசிவு அதைப்போல் ஐந்து மடங்கானால், ஒரு விநாடியை இருபத்தைந்து பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு நேரத்திற்குள் அறுக்க வேண்டும் என்பது அதற்குரிய தரம். அதிர்ச்சி தெரியும், ஆனால் பிடி விட்டுப் போகும்.

அதற்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கலாகாது. ஒரு கையால் ஒரு கம்பியையும் மறு கையால் மற்றொரு கம்பியையும் பற்றினால், சென்றது முழுவதும் திரும்பிவிடுகிறபடியால் துண்டிப்பானுக்குக் குறை தெரியாது. அளவு மீறிய பளுவையும் அது கவனிப்பதில்லை, அதற்கு எம்.சி.பி. வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஆதலால் பெட்டியில் இரண்டும் இருத்தல் வேண்டும்.

சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டு ஜூலை முதல் எழுந்த வீடுகளில் மின்கசிவுத் துண்டிப்பான் கட்டாயமாயிற்று. அதற்கு முற்பட்ட வீடுகள் நெடுங்காலம் வீட்டுக்காரரின் விருப்பத்திற்கே விடப்பட்டிருந்தன. 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று அந்நிலை மாறியது. எந்த ஆண்டில் கட்டிய வீடாயினும் துண்டிப்பான் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. பழைய வீடுகளுக்குத் தரப்பட்ட ஈராண்டு அவகாசம் 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியோடு முடிந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழைய வீடுகளில் வாழும் தகுதியுடையோருக்குச் செலவில் கைகொடுக்க ஓர் உதவித் திட்டமும் அக்காலத்தில் நடப்பில் இருந்தது. நாம் பார்த்த வீட்டு அம்மையாரின் மகன் மின்பணியாளரை அழைத்ததும் அந்த அறிவிப்பைக் கண்டபின்தான். விதி வராதிருந்தால், வெள்ளி நிறச் சட்டமிட்ட சுவிட்சுகளோடு அவர் நிறைவடைந்திருப்பார்.

எர்த் கம்பியும் கோயம்புத்தூர்க் கிரைண்டரும்

துண்டிப்பானைப் பொருத்திவிட்டால் போதுமா? அதற்குத் துணையாக நல்ல எர்த் கம்பி வேண்டும். உலோக உடலுடைய கருவியில் மின்சாரம் கசிந்தால், அதனைத் தரைக்கு இறக்கிவிடுவது எர்த் கம்பியே. கருவி கசிந்த அக்கணமே கசிவு எர்த் வழியே ஓடும், துண்டிப்பான் அறுக்கும், மனிதர் தொடும் முன்பே ஆபத்து நீங்கிவிடும். எர்த் இல்லையானால், கசிந்த கருவி ஒருவர் வந்து தொடும்வரை காத்திருக்கும். தொட்டவரின் உடலே அங்கு எர்த் கம்பி. துண்டிப்பான் அப்போதும் வேலை செய்யும். ஆனால் அதிர்ச்சியை அவர் பட்ட பின்னரே செய்யும்.

பழைய வீடுகளில் இரண்டு முனை மட்டுமுள்ள செருகுவாய்களும் எர்த் இல்லாத விளக்குச் சுற்றுகளும் இருப்பது உண்டு. பல நாடுகளில் முற்காலத்தில் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தினர். இரும்புக் குழாய் துருப்பிடித்து, அதன் ஒரு பகுதியைப் பிளாஸ்டிக் குழாயாக மாற்றிய அன்றே எர்த்தும் போய்விடும். குழாய் மாற்றியவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

நம் குடும்பங்களுக்கே உரிய ஓர் ஆபத்தையும் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போய்வரும் உறவினர் அன்போடு ஒரு கோயம்புத்தூர்க் கிரைண்டரைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அங்கும் இங்கும் 230 வோல்ட்தான். இயந்திரம் நன்றாகவே ஓடும். ஆனால் அங்குள்ள செருகியின் முனைகள் உருண்டை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள செருகுவாயோ சதுர முனை மூன்றுக்கு உரியது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மாற்றி ஒன்றை வாங்கிச் செருகுகிறோம். சிலர் எர்த் முனையையே வெட்டிவிட்டுச் செருகுகின்றனர். ஈரக் கை, ஈரத் தரை, வழியும் மாவு, எர்த் அற்ற இரும்பு உடல்! வீட்டில் உள்ள கருவிகளுள் மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டியது கிரைண்டர் என்றே சொல்வோம். மின்பணியாளரைக் கொண்டு, பியூஸ் உள்ள மூன்று முனைச் செருகியை எர்த் கம்பியோடு முறையாக மாற்றிக்கொள்வதற்கு ஆகும் செலவு மிகவும் சொற்பம்.

30 ஆம்பியரும் இன்றைய வாழ்க்கையும்

இனி, பளுவுக்கு வருவோம். 30 ஆம்பியர் மெயின் சுவிட்ச் உள்ள வீடு ஒரே நேரத்தில் ஏறத்தாழ 6,900 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம். விளக்கு, விசிறி, வானொலி, ஒரு குளிர்ப்பெட்டி இருந்த காலத்தில் அது தாராளமான அளவு. இன்று மாலையில் அதே வீட்டில் என்ன நடக்கிறது? பேரன் குளிக்கிறான், வெந்நீர்க் கருவி 3,000 வாட். மருமகள் தேநீருக்குக் கெண்டியைப் போடுகிறார்; 2,200. மகன் மறுநாள் சட்டையை இஸ்திரி போடுகிறார், 1,200. குளிரூட்டி 900, சோற்றுப் பானை 600. மொத்தம் 7,900 வாட். 34 ஆம்பியருக்கு மேல் ஆகிவிட்டது.

மின்னோட்டம் இரட்டிப்பானால் கம்பியில் எழும் வெப்பம் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. பியூஸ் அடிக்கடி போனது இந்த வெப்பத்தைத் தடுப்பதற்குத்தான். அதில் தடித்த செம்புக்கம்பியை முறுக்கி வைத்த நாள் முதல், அந்த வீட்டில் பியூஸின் வேலையைச் சுவருக்குள் இருந்த கம்பி ஏற்றுக்கொண்டது. பியூஸ் உருகினால் பெட்டிக்குள் உருகும். சுவருக்குள் இருக்கும் கம்பி உருகினால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை வெளியிடும் கணக்குகளில், வீடுகளில் தீ மூள்வதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக மின்சாரக் கோளாறு தொடர்ந்து இடம்பெற்று வருகிறது.

பளுவை உயர்த்துவதற்கு வழியுண்டு. 2007இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில், பெயர்ந்த காங்கிரீட்டைச் சரிசெய்தல், கழிவுக் குழாய்களை மாற்றுதல் ஆகியவற்றோடு மின்பளுவை உயர்த்துவதும் இன்றியமையாத பணிகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. குடியுரிமை பெற்ற குடும்பங்களுக்கு இப்பணிகளின் செலவை அரசாங்கமே ஏற்கிறது. முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்கு என்றிருந்த திட்டம், 1997 வரை கட்டிய வீடுகளுக்கும் விரிவடையும் என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. அடுக்குமாடிக் கட்டடத்தில் தகுதியுள்ள குடும்பங்களுள் 75 விழுக்காட்டினர் ஒப்புதல் வாக்களித்தால்தான் பணி நடைபெறும். வாக்களிப்பு அறிவிப்பு வரும்போது, ‘நமக்கெதற்கு இந்தத் தூசியும் இரைச்சலும்’ என்று முதியோர் தயங்குவதுண்டு. பிள்ளைகள் அருகில் அமர்ந்து விளக்கிச் சொல்லுதல் நலம்.

மெயின் சுவிட்சை 40 ஆம்பியருக்கு மாற்றினால் 9,200 வாட் வரை கிடைக்கும். ஆனால் உள்ளே ஓடும் கம்பிகள் பழையனவாகவே இருக்க, வாயிலை மட்டும் அகலப்படுத்துவதில் பயனில்லை. விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், செருகுவாய்களுக்கு 2.5 என்பது இன்று பொதுவாகக் காணும் அளவு. வெந்நீர்க் கருவிக்குப் பெட்டியிலிருந்து தனிக்கம்பி வர வேண்டும். அதனைச் செருகியில் இணைத்தலாகாது. இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் இரட்டை முனைச் சுவிட்ச் வழியாக நிலையாக இணைத்தல் வேண்டும். அந்தச் சுவிட்சும் குளியலறைக்கு வெளியே இருப்பது நல்லது. போதிய செருகுவாய்கள் இல்லாத வீட்டில் நீட்டிப்புக் கம்பிமேல் நீட்டிப்புக் கம்பி போடுவதைவிடச் செருகுவாய்களைக் கூட்டுவதே சரியான வழி. பூசை மாடத்தில் இரவும் பகலும் எரியும் சிறுவிளக்குத் தொடருக்கும் இது பொருந்தும். எண்ணெய் விளக்குக்கும் அதற்கும் இடையே ஒரு முழ இடைவெளியாவது இருக்கட்டும்.

தானே செய்யலாமா?

வேண்டாம். சிங்கப்பூரில் வீட்டுக் கம்பிகளில் கைவைக்கும் பணியை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். எலக்ட்ரீசியன், டெக்னீஷியன், இன்ஜினீயர் என்று உரிமம் மூன்று தரப்படும். 45 கிலோவோல்ட் ஆம்பியர் வரை பணி செய்யும் எலக்ட்ரீசியன் தரமே சாதாரண வீட்டுக்குப் போதும். உரிமத்தைக் காட்டும்படி கேட்பது அவமதிப்பு அன்று. அண்டை வீட்டுத் தம்பிக்குக் கைவேலை தெரியும் என்பதற்காக அவரை ஏணியில் ஏற்றுவதைப் பல வீடுகளில் காண்கிறோம். அவருக்கும் சேர்த்தே ஆபத்தை விளைவிக்கிறோம்.

குறிப்பாகக் கம்பிகளின் நிறம் பற்றிய குழப்பம் உயிரைக் கேட்கக்கூடியது. முன்னாளில் சிங்கப்பூரில் மின்னோட்டம் வரும் கம்பி சிவப்பு, திரும்பும் கம்பி கறுப்பு, எர்த் பச்சை. 2009ஆம் ஆண்டில் உலகப் பொது முறைக்கு மாறியபின், வரும் கம்பி பழுப்பு, திரும்புவது நீலம், எர்த் பச்சையும் மஞ்சளும் கலந்தது. இதில் என்ன தொல்லை எனலாம். மூன்று கட்ட மின்சாரம் உள்ள கடைவீடுகளில், பழைய முறைப்படி நீலம் மின்னோட்டம் வரும் கம்பி. புதிய முறைப்படி நீலம் திரும்பும் கம்பி. பழைய கறுப்பு திரும்பும் கம்பி. புதிய கறுப்போ மின்னோட்டம் வரும் கம்பிகளுள் ஒன்று. பாதி பழையது, பாதி புதியது என்றிருக்கும் கட்டடத்தில் நிறத்தை நம்பித் தொடுபவர் என்ன ஆவார்? கருவி வைத்து அளந்து பார்க்கத் தெரிந்தவரே அங்கே தொட வேண்டும்.

நல்ல மின்பணியாளர் வேலையைத் தொடங்குமுன் மெகர் எனும் கருவியால் 500 வோல்ட் அழுத்தம் கொடுத்து, கம்பியுறை இன்னும் உறுதியாக உள்ளதா என்று அளப்பார். எக்கம்பியை வைத்துக்கொள்ளலாம், எதனை அகற்ற வேண்டும் என்பது அப்போது தெரியும். பி.வி.சி. கம்பிகள் நல்ல நிலையில் இருந்தால் பெட்டியை மட்டும் மாற்றினாலும் போதும். வீடு முழுவதும் சுவரை உடைக்க வேண்டும் என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடம் அளவைக் காட்டும்படி கேட்கலாம். ரப்பர் உறையிட்ட பழங்கம்பி அகப்பட்டாலோ பேச்சுக்கு இடமில்லை. அதனோடு புதுக்கம்பியை ஒட்டாமல் முற்றாக எடுத்துவிட வேண்டும். பாதுகாக்கப்பட்ட கடைவீடுகளில் மரத்தளம், உத்திரம், பழைய சுண்ணாம்புச் சுவர் ஆகியவற்றைச் சிதைக்காமல் குழாய்களைச் சுவரின் வெளிப்புறத்திலேயே நேர்த்தியாகக் கொண்டுசெல்லலாம். பழமையைக் கூடுமானவரை வைத்துக்கொள்வது, கவனமாகச் செப்பனிடுவது என்பதே நகர மறுசீரமைப்பு ஆணையம் இத்தகைய கட்டடங்களுக்கு வகுத்த நெறி. காய்ந்த மரமும் கறையானும் உள்ள அக்கட்டடங்களில் ஒரு சிறு தீப்பொறி அடுத்தடுத்த கடைகளையும் பதம் பார்க்கும் என்பதால், அங்கு இப்பணியைத் தள்ளிப்போடுவது அண்டை வீட்டாருக்கும் இழைக்கும் தீங்கு.

மலேசியத் தோட்டங்களில் உள்ள வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் மின்கசிவுத் துண்டிப்பான்களை வலியுறுத்துகின்றன. வெந்நீர்க் கருவி போன்ற ஈரமான இடத்துக் கருவிகளுக்கு 10 மில்லி ஆம்பியரிலேயே அறுக்கும் துண்டிப்பான் வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. தொழிலாளர் குடியிருப்புகளுக்கு மின்சாரம் தந்து, வீடுகளைச் செப்பமாக வைத்திருக்கும் பொறுப்பு 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகத்தைச் சார்ந்தது. நிர்வாகத்தின் வீட்டில் குடியிருப்போர் பெட்டியில் துண்டிப்பான் இல்லை என்று கண்டால் நிர்வாகத்திடம் தெரிவிக்கலாம். தோட்டம் கைமாறியபின் வீட்டைச் சொந்தமாக வாங்கியோர், சான்றிதழ் பெற்ற வயர்மேனை அழைப்பது அவர்தம் பொறுப்பாகும்.

துண்டிப்பான் விழுந்தால்

அந்த அம்மையாரின் வீட்டில் இரண்டு நாளில் வேலை முடிந்தது. பழைய பெட்டிக்குப் பதில் துண்டிப்பானும் எம்.சி.பி.களும் கொண்ட புதுப் பெட்டி. வெந்நீர்க் கருவிக்குத் தனிக்கம்பி. சமையலறையில் மேலும் இரண்டு செருகுவாய்கள். மூன்றாம் நாள் மகன் நம்மிடம் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். துண்டிப்பான் அடிக்கடி விழுகிறதாம், வீடு இருண்டுவிடுகிறதாம், பழைய பெட்டியே தேவலை என்று அம்மா சொல்கிறாராம்.

புதுப்பித்த வீடுகளில் இக்குறை பொதுவானது. இவ்விடத்தில்தான் பலர் தவறிவிடுகின்றனர்; துண்டிப்பானைத் தாண்டிக் கம்பியை இணைத்துத் தரும்படி கேட்போரும் உண்டு. செய்ய வேண்டியது வேறு. கருவிகள் யாவற்றையும் கழற்றிவிட்டு, துண்டிப்பானை மேலே தள்ளி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டும். எதனைச் செருகியதும் விழுகிறதோ அதுவே கசியும் கருவி. ஒன்றையும் செருகாதபோதே விழுந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது. மின்பணியாளரை அழைக்க வேண்டும். அந்த வீட்டில் குற்றவாளி, இருபது ஆண்டுகளாக உழைத்த கிரைண்டர். எத்தனை காலமாக அது கசிந்துகொண்டிருந்ததோ தெரியாது. ரப்பர் செருப்பணிந்து மாவரைக்கும் பழக்கம் அம்மையாருக்கு இருந்திருக்கிறது.

துண்டிப்பானில் ‘டி’ என்ற எழுத்திட்ட சிறு பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறையேனும் அதனை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் வீட்டு மின்சாரம் நின்றால் துண்டிப்பான் நலமாக இருக்கிறது. நிற்காவிட்டால் உடனே மின்பணியாளரை அழைக்க வேண்டும். மறந்துவிடும் என்று மகன் தயங்கியபோது அம்மையாரே ஒரு வழி சொன்னார். மின்கட்டணச் சீட்டு வரும் நாளில் அழுத்துவது என்று ஏற்பாடாயிற்று. பொத்தான் உயரத்தில் இருப்பதால் மூத்த பேரன் நாற்காலி போட்டு ஏறி அழுத்துகிறான். விளக்கு அணைந்ததும் பாட்டி கீழிருந்து, “சரி, இப்போது போடு” என்கிறார்.